முதலில் ஓட்டை, அப்புறம் கதை

பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் பைண்டிங் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூட நோட்டு, கணக்குப் பேரேடு, வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகம், கந்தலாகிப் போன தேவாரம், பைபிள் எல்லாம் என் கைக்கு வந்திருக்கின்றன. அத்தனை வருஷமும் எனக்கு ஒரே எதிரி ராமபாணப் பூச்சி. இந்த அட்டையில் நுழைந்து அந்த அட்டையில் வெளியே வரும். அம்பு தைத்த மாதிரி நேரான ஓட்டை. பெயரைச் சும்மா வைக்கவில்லை. உ.வே.சா. ஏடு தேடி நெல்லைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தாரே, அந்த ஏடுகளையும் இதன் பாட்டன் பூட்டன் விட்டு வைத்திருக்காது.

ஒருநாள் ஒரு டீச்சரம்மா முதுகு விட்டுப்போன ஓர் இங்கிலீஷ் குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரித்தால் ஆப்பிள் படத்தில் ஓர் ஓட்டை. வழக்கம்போல மெல்லிய தாளைக் கிழித்துப் பசை தடவி அடைத்தேன். அடுத்த பக்கம் இரண்டு பேரிக்காய், இரண்டு ஓட்டை. அதற்கடுத்து மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்குப் போட்டுத் தின்னும் ராமபாணத்தை நான் கண்டதில்லை. சாயங்காலம் வந்த டீச்சர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணாச்சி, அது அச்சடிக்கும்போதே போட்ட ஓட்டை!" பசை காய்வதற்குள் உரித்தெடுத்தேன். ஆப்பிளின் ஓரம் கொஞ்சம் வெளுத்துவிட்டது.

அந்தப் புத்தகத்தை எழுதி, படமும் போட்டவர் எரிக் கார்ல். புத்தகம் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்', அதாவது ரொம்பப் பசித்த கம்பளிப்புழு. 1969-இல் வந்தது, அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போய், ஐந்து கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கதை பிறந்த விதம். மனிதர் ஒருநாள் பஞ்சிங் மெஷினால் தாள்கட்டில் விளையாட்டாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். ஓட்டையைப் பார்த்ததும் புத்தகப்புழு ஞாபகம் வந்திருக்கிறது. வில்லி என்ற புழுவின் ஒரு வாரம் என்றுதான் முதலில் யோசித்தார். அவருடைய பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் அம்மையாருக்குப் புழு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கம்பளிப்புழுவாக இருக்கட்டுமே என்றார். உடனே இவர் "வண்ணத்துப்பூச்சி!" என்று கத்தினாராம். ஓட்டை ஓட்டையாக, பக்கத்துக்குப் பக்கம் அகலம் மாறி வரும் புத்தகத்தைக் கட்டுப்படியான விலைக்கு அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல் ஜப்பானில் அடித்தார்கள். தொழில் தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்தப் பக்கங்களை வெட்டச் சொல்லி என்னிடம் வந்திருந்தால் நானும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ஆக, நான் எதிரி என்று அடைத்த ஓட்டையில் அவர் கதை பார்த்திருக்கிறார். கடையை மூடிய பிறகு என் பேத்தியோடு உட்கார்ந்து இதே வழியில் ஒரு புத்தகம் செய்தேன். எப்படி என்று சொல்கிறேன். அவருடைய புழுவை மட்டும் நகல் எடுக்காதீர்கள்; அது அவருடையது. வழி எல்லோருக்கும் பொது.

முதலில் அட்டை. கல்யாணப் பத்திரிகைக்கு வருகிற தடிமன் போதும். அச்சகத்தில் கேட்டால் வெட்டு மிச்சம் தருவார்கள். 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஆறு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுமுன் ஒன்று பார்க்க வேண்டும். மரத்துக்கு நார் ஓடுகிற மாதிரி தாளுக்கும் ஓட்டம் உண்டு. பெரிய அட்டையை மடிப்பு விழாமல் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைத்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். மறு பக்கமாக வளைத்தால் முறைக்கும். எளிதாக வளைகிறபோது விழும் மடிப்பு எந்தத் திசையோ, அந்தத் திசை புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து ஓட வேண்டும். இதைக் கவனிக்காமல் பசை போட்டால் பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும். கடைக்கு வந்த பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

அடுத்து ஓட்டை. கதை எழுதிவிட்டு ஓட்டை போடாதீர்கள். வெறும் அட்டையில் முதலில் போடுங்கள். செருப்புத் தைப்பவர்களிடம் வட்டமாக வெட்டுகிற இரும்புப் பஞ்ச் இருக்கும். நான் 15 மி.மீ. வாங்கினேன். சின்னப்பிள்ளையின் சுட்டுவிரல் தாராளமாகப் போகும். ஐந்து அட்டையில் மட்டும் போட வேண்டும். ஆறாவது முழுசாக இருக்கட்டும். அடியில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. ஐந்தையும் சேர்த்து வைத்து அடித்தால் கடைசி அட்டை பிய்ந்துவிடும். முதல் அட்டையை அச்சாக வைத்து மற்றவற்றில் பென்சிலால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றாக அடிப்பது நல்லது. இதெல்லாம் பெரியவர்கள் வேலை.

ஆறையும் அடுக்கி பேத்தி கையில் கொடுத்தேன். அவளுக்கு ஐந்து வயது. ஓட்டைக்குள் விரலை விட்டாள், எடுத்தாள், ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "தாத்தா, உள்ள யாரு இருக்கா?"

சரி, கதை கிடைத்துவிட்டது. எங்கள் தெருக்கோடியில் கொண்டை போன மொட்டைப் பனை ஒன்று நிற்கிறது. அதில் ஒரு பொந்து. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் கிளியோ மைனாவோ குடிவருவது பனங்காட்டில் சகஜம். பொந்துக்குள் ஏதோ பச்சையாகத் தெரிகிறது. மரங்கொத்தி வந்து பார்க்கிறது: இலையா? அணில் வருகிறது: மாங்காயா? மைனா: வெட்டுக்கிளியா? ஓணான்: எங்க அத்தானா? இது பேத்தி போட்டது, எனக்கு இவ்வளவு வராது. ஐந்தாவதாக வரும் காக்கா ஒன்றும் கேட்காமல் கொத்தப் போகிறது. ஆறாவது பக்கத்தைத் திருப்பினால் கிளிக்குஞ்சு.

ஐந்து ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்துப் பச்சைதான் தெரியும். அதற்காக, ஓட்டை வழியே பென்சிலை விட்டு ஆறாவது அட்டையில் வட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளியின் வயிறு அந்த வட்டத்தில் விழுகிற மாதிரி படத்தை அமைக்க வேண்டும். அலகு விழுந்தால் கதை கெட்டது.

இனி வண்ணம். கார்ல் நேரடியாகப் படம் வரைந்து வண்ணம் தீட்டுகிறவர் இல்லை. மெல்லிய டிஷ்யூ தாளில் அக்ரிலிக் வண்ணத்தை விதவிதமாகப் பூசி, காயவைத்து, நிறவாரியாக இழுப்பறைகளில் அடுக்கி வைத்துக்கொள்வார். சிவப்பு வேண்டுமானால் சிவப்பு இழுப்பறை. அதிலிருந்து வெட்டி, சுவருக்குத் தாள் ஒட்டுகிற பசையால் ஒட்டுவார். நமக்குப் பட்டுப்புடவைப் பெட்டியில் மடித்து வருகிற வெள்ளைத் தாள் போதும். இழுப்பறைக்குப் பதில் அதே பெட்டி.

பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் தலைகீழாக விரித்து அதன்மேல் தாளைப் பரப்புங்கள். நாமும் அக்ரிலிக்தான் எடுக்க வேண்டும். முதலில் வெளிர் நிறம் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் அடர் நிறம். இரண்டாம் பூச்சில்தான் விளையாட்டு. பல்போன சீப்பால் இழுத்தால் சிறகு வரும். தேங்காய் நாரை முக்கி ஒற்றினால் அணில் முதுகு. பத்தமடையில் வாங்கிய கோரைப்பாய் ஒன்று ஓரம் பிரிந்து கிடந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி, பழுப்பு தடவி, தாளில் அழுத்தி எடுத்தேன். வரிவரியாக அப்படியே பனைமரத்துப் பட்டை! பாய்க்கு இப்படி ஒரு பிழைப்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. காற்று இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் என்றால் நமக்குக் காற்று. ஈரத் தாள் ஒன்று எங்கள் வீட்டு முருங்கையில் போய் ஒட்டிக்கொண்டது.

அக்ரிலிக்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் போஸ்டர் கலர் கிடக்கிறதே என்று முதல் தடவை அதை வைத்துச் செய்தேன். பசை பட்டதும் வண்ணம் கரைந்து கிளியின் சிவப்பு மூக்கு வழிந்து வயிறு வரைக்கும் வந்துவிட்டது. பேத்தி அழுதுவிட்டாள், கிளிக்கு அடிபட்டுவிட்டதாம். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது.

பசை என் சாம்ராஜ்யம். ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்க வேண்டும். கடையில் என்றால் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவோம். அது விஷம். பிள்ளைகள் வாயில் வைக்கிற புத்தகத்துக்கு அதைத் தொடவே கூடாது. துத்தமில்லாத மைதாவோ ராமபாணத்துக்கு விருந்து. அதனால் நாற்பது வருஷக் கொள்கையை விட்டுவிட்டு, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தேன்.

பசையைத் தாளில் தடவாதீர்கள், கையோடு வந்துவிடும். அட்டையில் தடவி, வெட்டிய தாளை அதன்மேல் படுக்கவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். பனைமரம் முதலில், பறவை அப்புறம், கண் கடைசி. ஓட்டையின் மேலேயே ஒட்டிவிடலாம்; காய்ந்த பிறகு பின்பக்கம் திருப்பி, ஓட்டை விளிம்பைப் பிடித்து பிளேடை ஓட்டினால் வட்டம் தானாகக் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். எனவே பின்பக்கத்திலும் பனம்பட்டைத் தாளை ஒட்டி, கதை வரியை அங்கே எழுதிவிடுங்கள். பிரித்த பால் கவரை இடையில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

தைப்பது சுலபம். முதுகு ஓரத்தில் 1 செ.மீ. உள்ளே தள்ளி, மூன்று துளை. கோணி ஊசியில் மெழுகு தேய்த்த நூலைக் கோத்து, நடுத்துளையில் தொடங்கி மேலும் கீழும் போய் நடுவிலேயே முடிச்சு. மேலட்டைக்குச் சிவகாசி தினசரி காலண்டரின் பின் அட்டையை வெட்டிப் போட்டேன்.

நூல் கோக்கும்போது பேத்தி, அந்தத் தாத்தாவுக்குப் பூச்சியெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது என்றேன். கார்ல் 1929-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோரோடு ஜெர்மனிக்குப் போனவர். அப்பா அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய், கல்லைப் புரட்டியும் பட்டையை உரித்தும் உள்ளே இருக்கிற உயிர்களைக் காட்டுவாராம். பிறகு போர் வந்தது. அப்பா ரஷ்யாவில் கைதியாக இருந்து, உருக்குலைந்து திரும்பினார். நாஜிகள் தடைசெய்திருந்த ஓவியங்களைப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் ரகசியமாகக் காட்டியிருக்கிறார். 1952-இல் வெறும் நாற்பது டாலரோடு நியூயார்க் திரும்பிய கார்ல், 2021-இல் தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். இதில் போரையும் கைதியையும் அவளிடம் சொல்லவில்லை. பட்டையை உரித்த கதையை மட்டும் சொன்னேன். மறுநாள் மொட்டைப் பனையடியில் கிடந்த மட்டையைப் புரட்டி, மரவட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

புத்தகம் இப்போது அவள் அலமாரியில் இருக்கிறது. வசம்பை இடித்துத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாங்கள் போட்ட ஓட்டை போதும்.