வெயில் ஆய்வை அரசு மேசைக்குக் கொண்டுபோவது எப்படி?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தும் ஏறத்தாழ இரட்டிப்பு. முடிவு 2024-இல் வெளிவந்தது. அதே ஆண்டு தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து ஓர் அதிகாரி கையில் கொடுக்க, இலவசக் கருவிகளே போதும்.

படி 1: அரசு ஆவணத்தில் தொடங்குங்கள்

பலரும் ஆய்வுக் கட்டுரையில் தொடங்குவார்கள். வேண்டாம். மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைகளின் செலவுக்குச் சட்டப்பேரவை ஒப்புதல் தரும் விவாதத்தில், ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். அது அரசு இணையதளத்தில் கிடைக்கும். தொழிலாளர் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை, பேரிடர் மேலாண்மை மூன்றையும் எடுங்கள். 'வெப்பம்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லையா? சில தமிழ் பிடிஎஃப்கள், தேடலுக்குச் சிக்கும் யூனிகோட் எழுத்தில் இருக்காது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். எழுத்து பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

படித்ததும் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: 'வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு ஓய்வும் நிழலும் தர விதி இருக்கிறதா?'

படி 2: ஆய்வுகளைத் திரட்டுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தேட உதவும் ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் ஹீட் ஸ்ட்ரெஸ், பிரெக்னன்சி, இந்தியா என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டுங்கள். பட்டியலை இறக்கி எக்செலில் திறவுங்கள்.

படி 3: ஏஐயிடம் படிக்கக் கொடுங்கள், தேடச் சொல்லாதீர்கள்

'இதுபற்றி என்ன ஆய்வுகள் உண்டு?' என்று வெறுமனே கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் அது தலைப்பு சொல்லக்கூடும். கட்டுரையின் பிடிஎஃப்பை நீங்களே ஏற்றி இப்படிக் கேளுங்கள்:

'எந்த ஊர், எத்தனை பேர், வெப்பத்தை எதால் அளந்தார்கள், என்ன கண்டார்கள்? ஒவ்வொன்றுக்கும் மூல வாக்கியமும் பக்க எண்ணும் கொடு. கட்டுரையில் இல்லையென்றால் இல்லை என்று எழுது.'

அது கொடுத்த வாக்கியம் உண்மையிலேயே அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஓர் எண் தவறானாலும் உங்கள் தாளை மறுமுறை யாரும் வாங்கமாட்டார்கள்.

படி 4: அளவுகோல் ஒன்றுதானா?

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். வானிலைத் துறைக்கு, சமவெளியில் 40 பாகை செல்சியஸ், கடலோரத்தில் 37 பாகை எட்டினால்தான் வெப்ப அலைக் கணக்கே தொடங்கும். ஆய்வாளர்கள் வேலையிடத்தில் அளப்பது 'வெட் பல்ப் குளோப்' அளவு: காற்றின் சூட்டோடு ஈரப்பதம், காற்றோட்டம், நேர் வெயில் எல்லாம் சேர்ந்தது. மிதமான வேலைக்கு அதன் பாதுகாப்பு எல்லை 28 பாகையை ஒட்டி வரும். கடலோரத்தில் 35 பாகையும் புழுக்கமுமாக இருக்கும் நாளில் வெப்ப அலை எச்சரிக்கை வராது. நாற்று நடும் பெண்ணின் உடலோ எல்லையைத் தாண்டியிருக்கும். ஏஐ இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடும். இரண்டும் வேறு அளவு என்று எழுதவேண்டியது நீங்கள்.

படி 5: ஒரே பக்கம்

மேலே கேள்வி. அடுத்து, அரசுக் குறிப்பில் இருப்பது, பக்க எண்ணோடு. பிறகு ஆய்வு சொல்வது, மூன்று வரி. கடைசியில் ஒரே கோரிக்கை: எச்சரிக்கை வராத நாளிலும், வெட் பல்ப் குளோப் அளவைப் பார்த்துக் கர்ப்பிணிகளுக்கு நண்பகல் ஓய்வு.

துறைச் செயலருக்கும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும், மானியக் கோரிக்கை தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். குறிப்பு அச்சுக்குப் போனபின் அனுப்பினால் அடுத்த கோடைவரை காத்திருக்கவேண்டும்.