தேசியப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தைக் கடைசி வீட்டிலிருந்து வகுப்பது எப்படி?

தேசிய அளவில் பேரிடர்த் தணிப்புத் திட்டம் வகுக்கும் குழு, கடந்த பேரிடரில் யார், எங்கே, எந்த நிலையில் உயிரிழந்தார்கள் என்பதை முதலில் ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும். 1970 நவம்பரில் போலா புயல் இன்றைய வங்கதேசக் கடலோரத்தைத் தாக்கியபோது குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். புயல் வருவதை வானிலையாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் ஆற்றுமுகத் தீவுகளில் வாழ்ந்தவர்களுக்குக் கடல் எவ்வளவு உயரம் பொங்கும், எங்கே ஒதுங்கலாம் என்று சொல்ல ஆளும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கவே அங்கே புயல் ஆயத்தத் திட்டம் உருவானது. அரசும் செஞ்சிலுவை இயக்கத்தைச் சேர்ந்த செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்தும் இத்திட்டத்தில், அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கையொலிபெருக்கியுடன் வீடு வீடாகச் செல்கிறார்கள். ஆபத்து கூடக்கூடக் கம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள் ஏறுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொடியின் எண்ணிக்கை புரியும். உங்கள் திட்டத்தில் பணத்தை முதலில் ஒதுக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, எச்சரிக்கை கேட்ட பிறகும் மக்கள் ஏன் கிளம்புவதில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். 1991இல் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தனர். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பாதுகாப்பு மையங்கள் போதவில்லை. இருந்தவற்றிலும் பெண்களுக்குத் தனியறையோ கழிப்பறையோ இல்லாதது பலரைத் தயங்க வைத்தது. ஒரே சொத்தான பசுவை விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது என்பதால், கால்நடைகளை ஏற்றி நிறுத்த ‘கில்லா’ எனப்படும் மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. இத்தகைய விவரங்களைக் கட்டட வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டவை பெரும்பாலும் சேர்வதே இல்லை.

சட்டமும் நிதியும் இவற்றுக்குத் துணை நிற்க வேண்டும். எந்தத் துறை எந்தக் கட்டத்தில் என்ன செய்யும் என்பதை, வங்கதேசத்தின் பேரிடர் நிலையாணைகளைப் போல, பதவிவாரியாக எழுதிவையுங்கள். கரைகளைப் பராமரியுங்கள்; அலையாத்திக் காடுகளை வெட்டாதீர்கள். 2007இல் சிதர் புயலின் வேகத்தைச் சுந்தரவன அலையாத்திக் காடு ஓரளவு தாங்கிக்கொண்டது.

ஒத்திகையை ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன்பே நடத்தி, தவறியவற்றைத் திட்டத்தில் திருத்துங்கள். 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது கொரோனாவும் பரவிக்கொண்டிருந்தது. வங்கதேசம் பள்ளிகளையும் மையங்களாகத் திறந்து, இடைவெளி விட்டு அமரச் செய்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புயலுக்கு முன்பே அப்புறப்படுத்தியது.