மூன்று வருட வல்லூறு: இயற்கையைக் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை நாலைந்து கல்லூரிப் பையன்களோடு அமிர்திக் காட்டுக்குப் போயிருந்தேன். ஒருவன் தன் நோட்டை நீட்டினான். "வல்லூறு 2, தேன்சிட்டு 4, மீன்கொத்தி 1." அவ்வளவுதான்.

"வல்லூறுன்னு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

"பார்த்தாலே தெரியுதே சார்."

இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சத்தம் போடாதே, பளிச்சென்ற சட்டை போடாதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

பெயரை மட்டும் எழுதுவது

பாலாற்றங்கரையில் ஒரு புளியந்தோப்பு. அங்கே மூன்று வருடம் வாராவாரம் போய் "வல்லூறு, வல்லூறு" என்று குறித்து வைத்தேன். சாம்பல் முதுகு, வாலில் பட்டை, நாலு தரம் சிறகடித்து ஒரு சறுக்கு, எல்லாம் பொருந்தியது. மூன்றாம் வருடம் மே மாதம், அந்த வல்லூறு என் எதிரிலேயே கிளையில் உட்கார்ந்து கத்தியது. குரல் ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நின்றது. அக்காக்குயில்!

வேட்டையாடும் வல்லூறு மாதிரியே வேஷம் போடும் குயில் அது. தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும். கோடையில் ராத்திரியிலும் கத்தித் தீர்க்கும், குளிர்காலத்தில் பெரும்பாலும் வாயே திறக்காது. அலகைப் பார்த்திருந்தால் போதும். வல்லூறுக்குக் கொக்கி போல வளைந்திருக்கும், குயிலுக்கு அந்த வளைவு கிடையாது.

தப்பாகப் பெயர் வைத்ததுகூடப் பரவாயில்லை. அதைத் திருத்த வழியில்லாமல் போனதுதான் இன்றைக்கும் எரிச்சல். அலகைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லை. "வல்லூறைத் தவிட்டுக்குருவிகள் துரத்தின" என்று ஒரு நாள் எழுதியிருக்கிறேன். துரத்தியது வேட்டைக்காரனையா, முட்டை வைக்க வந்தவளையா? இனி யாருக்கும் தெரியாது. நோட்டில் மூன்று வருட வல்லூறு மொத்தத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

டார்வினுக்கே இது நடந்திருக்கிறது. 1835-ல் கலாபகஸ் தீவுகளில் சேகரித்த குருவிகளுக்கு எந்தத் தீவு என்று அவர் ஒழுங்காகச் சீட்டு எழுதவில்லை. 1837-ல் லண்டனில் பறவை நிபுணர் ஜான் கூல்ட் அவற்றைப் பார்த்து, தனித்தனி இனங்கள் என்று சொன்னபோதுதான் தீவு எவ்வளவு முக்கியம் என்று உறைத்தது. கப்பல் கேப்டனும் கூட வந்தவர்களும் வைத்திருந்த பறவைகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார். என் புளியந்தோப்புக்கு அப்படி ஒரு கேப்டன் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதுவது

சாயங்காலத்துக்குள் மனசு இல்லாத நிறத்தையும் பூசிவிடும். நின்ற இடத்திலேயே எழுதுங்கள்.

ஒன்றும் இல்லாத நாளை விட்டுவிடுவது

"காவேரிப்பாக்கம் ஏரி, காலை 7 மணி, தண்ணீர் குறைவு, ஒரு புள்ளிமூக்கு வாத்துகூட இல்லை." இதுவும் பதிவுதான். அடுத்த வருடம் ஏரி நிறைய வாத்து இறங்கினால் வேறு எதோடு ஒப்பிடுவீர்கள்?

கூட்டைத் தொடுவது

வேண்டாம்.

பெரியவர் சொன்னார் என்று மாற்றுவது

குயில் கதையைக் கேட்டதும் அந்தப் பையன் ரப்பரை எடுத்தான். வல்லூறை அழித்துவிட்டு அக்காக்குயில் என்று எழுதினான்.

"நீ பார்த்ததை நான் பார்க்கவே இல்லையே தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதையும் அழித்தான்.

அடுத்த வாரம் பேனா கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.