பேன் பட்டனில் கை வைக்கும் முன்: கேமிங் குழு அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த பதினோரு பேர் பப்ஜி ஆடுவதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் போனது. ஆட்டம்தான் போனது, கூட்டம் கலையவில்லை. ஒருவன் கால் ஆஃப் டியூட்டி என்றான், ஒருவன் வேலரன்ட் என்றான், கடைசியில் எல்லாரும் கேமர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் செயலியில் ஒரு சர்வர் (பெரிய குழு மாதிரி) போட்டு அங்கே குடியேறினோம். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைபட்டதும் அந்தப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். 2023 மே மாதம் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ திரும்பி வந்ததும் காணாமல் போயிருந்த பழைய ஆட்கள் தலைகாட்டினார்கள். இப்படியே போய் ஒரு கட்டத்தில் அறுநூறு பேர் ஆகிவிட்டோம். அட்மின் நான். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை, குழு தொடங்கிய ஃபோன் என்னுடையது, அவ்வளவுதான்.

கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை நானே செய்தவை. மிச்சம், வேறு சர்வர்களில் நான் மெம்பராக இருந்தபோது என் தலையில் விழுந்தவை.

முதல் தவறு, சண்டை வந்த பிறகு விதி எழுதுவது. எங்கள் சர்வரில் ஒரு பையன் தன் பிஜிஎம்ஐ ஐடியை இன்னொருவனுக்கு விற்றான். பணம் கைமாறிய நாலாம் நாள், பழைய மின்னஞ்சல் வழியாகக் கணக்கை மீட்டு மறுபடியும் தன்வசம் எடுத்துக்கொண்டான். ஏமாந்தவன் என்னிடம் வந்து நின்றான். எனக்குக் கோபம். அன்று இரவே ‘ஐடி விற்பனை கூடாது’ என்று ஒரு விதியைப் போட்டு விற்றவனை பேன் செய்தேன், அதாவது சர்வரை விட்டே விலக்கினேன். அவன் கேட்டான்: “அண்ணா, நேத்து இந்த ரூல் இருந்துச்சா?” இல்லை. அவன் செய்தது அயோக்கியத்தனம்தான், ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இருபது பேருக்கும் அது புரிந்துவிட்டது. ‘இவருக்குக் கோபம் வந்தால் ராத்திரியில் சட்டம் வரும்’ என்று ஆனது.

ஐடி வியாபாரத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். கணக்கை விற்க ஆட்டத்தின் நிபந்தனைகளே இடம் தருவதில்லை. முதலில் இணைத்த மின்னஞ்சல் விற்றவன் கையில் இருக்கும்வரை வாங்கியவனுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. பணம் போனவர் உங்களிடம் பஞ்சாயத்துக்கு வந்தால் 1930 என்ற எண்ணைக் கொடுத்து உடனே கூப்பிடச் சொல்லுங்கள். சைபர் பணமோசடிக்கு அதுதான் உதவி எண்.

அதே மாதிரி ‘அனைவரையும் மதிக்கவும்’ என்பது விதி இல்லை, பள்ளிக்கூடச் சுவரில் எழுதும் வாசகம். எதைச் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்வதுதான் விதி. இப்போது எங்கள் சர்வரில் இருப்பது: சாதி, மதம், உருவம், வீட்டுப் பெண்கள் இந்த நான்கில் எதை இழுத்துத் திட்டினாலும் முதல் தடவையே ஒரு நாள் டைம்அவுட், அதாவது அதுவரை சர்வரில் பேச முடியாது. முன்பு பதினேழு விதிகள் இருந்தன. பதினேழையும் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, கெட்ட வார்த்தை ஃபில்டரை நம்பித் தூங்கப் போவது. இது தமிழ்க் குழுக்களுக்கே உரிய தலைவலி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2022இல் டிஸ்கார்டில் ஆட்டோமாட் என்ற தானியங்கி ஃபில்டர் வந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. உட்கார்ந்து தமிழில் தெரிந்த வசவுகளை எல்லாம் பட்டியல் போட்டேன். (நடுராத்திரியில் மூன்று பேர் சேர்ந்து மிகவும் சீரியஸாக அந்தப் பட்டியலைத் தயாரித்தோம். என் அம்மா பார்த்திருந்தால் வீட்டை விட்டு அனுப்பியிருப்பார்.) வேறு எழுத்தோடு சேர்த்து எழுதித் தப்பிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி. மறுநாள் ஒரு பையன் கடைசி வட்டத்திலிருந்து உயிரோடு வெளியே வந்த சந்தோஷத்தில் ஆங்கில எழுத்தில் ‘மயிரிழையில் தப்பிச்சேன்’ என்று தட்டினான். பத்து நிமிடம் வாயடைப்பு. பாவம், அந்தச் சர்வரிலேயே நல்ல தமிழ் எழுதுகிற ஒரே ஆள் அவன்.

இது புதுச் சிக்கல் அல்ல. 1996இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனத்தின் ஃபில்டர், இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்கவிடவில்லை. ஊர்ப்பெயரின் நடுவில் ஒரு ஆபாசச் சொல்லின் எழுத்துகள் வரிசையாக வந்துவிட்டன. நமக்கு அதைவிட மோசம். ஒரே வசவை ஆங்கில எழுத்தில் ஆறேழு விதமாக எழுதலாம். குறிலை நெடிலாக்கலாம், நடுவில் புள்ளி வைக்கலாம், எண்ணைச் செருகலாம். திட்ட வேண்டும் என்று வந்தவன் இரண்டே நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிடுகிறான். மாட்டிக்கொள்வது மயிரிழைக்காரன்.

ஃபில்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்தியைத் தடுக்காமல், மாட்கள் (சர்வரைக் கவனித்துக்கொள்ளும் மாடரேட்டர்கள்) மட்டும் பார்க்கும் சேனலுக்கு (சர்வருக்குள் தனி அறை மாதிரி) எச்சரிக்கை மட்டும் அனுப்புமாறு ஆட்டோமாட்டை அமைக்கலாம். சந்தேகத்துக்கே இடமில்லாத நாலைந்து சொற்களை மட்டும் நேராகத் தடுத்துவிட்டு, மற்றதை அந்தச் சேனலுக்குத் திருப்பிவிடுங்கள். ஏனென்றால் சொல்லில் வசவு இருப்பதில்லை. “டேய் நாயே, எங்கடா போன?” என்பது எங்கள் சர்வரில் நலம் விசாரிப்பு. “சூப்பரா ஆடுனீங்க சார், நீங்க இல்லேன்னா ஜெயிச்சிருப்போம் சார்” என்பதுதான் கத்திக்குத்து.

இதில் நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் எங்களோடு ஆடுவான். ஒருநாள் தோற்ற பிறகு எங்கள் ஊர்ப் பையனிடம் “நீர் ஏன் தனிய முன்னுக்கு ஓடினீர்? உமக்குச் சொன்னனான் எல்லே” என்று எழுதினான். நம்மாள் கொதித்துவிட்டான். ‘நீர், உமக்கு’ என்பதெல்லாம் அவனுக்குப் பழைய ராஜா படத்து வசனம். தன்னை நக்கலடிப்பதாக நினைத்துத் திட்டித் தீர்த்தான். நானும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டு இருவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தேன். யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீர்’ என்பது ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மரியாதைச் சொல் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் சத்தம் போடவில்லை, முறையிடவில்லை. சர்வரை விட்டுப் போய்விட்டான். புரியாத சொல்லுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். “இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?” என்று கேட்க அரை நிமிடம் ஆகாது.

தோற்ற கையோடு தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான். அதே ஸ்குவாடில் (அணியில்) ஆடியவர், அதே ஆட்டத்தில் நடந்த சண்டைக்கு நீதிபதியாக உட்காரக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள சட்டக் கல்லூரி போக வேண்டாம். ஆனாலும் என் கூட ஆடியவனை, என்னைக் காப்பாற்ற வரவில்லை என்ற கடுப்பில் மியூட் செய்து, காரணம் என்று ‘டாக்ஸிக்’ என எழுதியவன் நான். இப்போது அந்த மேட்சில் இல்லாத மாட்தான் முடிவு எடுப்பார். அதுவும் டிஎம்மில் (தனிச் செய்தியில்). பொதுச் சேனலில் விசாரணை வைத்தால் இரண்டு பேர் சண்டை இருபது பேர் சண்டை ஆகும். மன்னிப்புக் கேட்க நினைப்பவனும் கூட்டத்தைப் பார்த்ததும் முறுக்கிக்கொள்வான்.

காரணம் சொல்லாமல் அழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பேன் செய்யும்போது அந்த ஆளின் கடந்த 7 நாள் செய்திகளையும் சேர்த்து அழிக்க ஒரு வசதி இருக்கிறது. குப்பைச் செய்தி கொட்டும் தானியங்கிக் கணக்குக்கு அது சரி. மனிதர்களுக்கு அதைப் பயன்படுத்தினால் ஆதாரத்தை நீங்களே கொளுத்துகிறீர்கள். நாளை “என்ன தப்பு பண்ணினேன்?” என்று அவன் வந்து நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது. அட்மின், மாட் செய்ததெல்லாம் பதிவாகும் ஆடிட் லாக் இருக்கிறதே என்பார்கள். அதில் யார் யாருடைய செய்தியை அழித்தார் என்று இருக்குமே தவிர அழித்த வரிகள் இருக்காது. அதுவும் 45 நாளில் போய்விடும். எனவே முதலில் ஸ்க்ரீன்ஷாட், பிறகு அழிப்பு. மாட் சேனலில் யார், என்ன, எத்தனை நாள் என்று ஒற்றை வரி போதும். எடுத்தவுடன் பேன் போடவும் தேவையில்லை. டைம்அவுட் 28 நாள் வரை போகும். பெரும்பாலான கோபங்கள் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடுகின்றன.

நண்பர்களுக்கெல்லாம் அட்மின் அதிகாரம் கொடுப்பது. கல்யாண வீட்டில் மாலை போடுகிற மாதிரி நானும் எட்டுப் பேருக்குப் போட்டேன். அந்த அனுமதி இருப்பவருக்குச் சேனல் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது. சேனலையே அழிக்கலாம். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு அந்த எட்டுப் பேரில் ஒருவரின் கணக்கிலிருந்து இலவச நைட்ரோ (டிஸ்கார்டின் கட்டணச் சந்தா) லிங்க் எல்லாச் சேனலிலும் வந்து விழுந்தது, அத்தனை பேரையும் டேக் செய்து. முந்தின நாள் யாரோ அனுப்பிய க்யூஆர் கோடைப் பரிசு என்று நம்பி ஸ்கேன் செய்திருக்கிறார். அந்தக் கோடு திருடனை அவர் கணக்குக்குள் நுழைய விடுகிற கோடு. விடிந்து நான் எழுந்தபோது பாதிச் சேனல்கள் இல்லை. மாட்களுக்குச் செய்தி அழிக்கவும் டைம்அவுட் கொடுக்கவும் அனுமதி இருந்தால் போதும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத மாட் எதையும் செய்ய முடியாதபடி சர்வர் அமைப்பிலேயே ஒரு வசதி உண்டு, போட்டுவிடுங்கள்.

வழக்கு பயம் இன்னொன்று. யாரோ எதையோ ஃபார்வர்டு செய்தால் அட்மினைத் தூக்கி உள்ளே வைப்பார்கள் என்று பயந்து குழுவையே பூட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குழு வழக்கில், மனுதாரர் அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்றது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னதும் அதே போக்கில்தான். அதற்காகக் கண்டும் காணாமல் இருக்கலாம் என்று பொருள் இல்லை. குறிப்பாக, சிறுவர் சிறுமியரின் ஆபாசப் படம் வந்தால் ‘ஆதாரம்’ என்று மற்ற மாட்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதே குற்றம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள்.

கடைசியாக, வாய்ஸ் சேனல். எழுத்தில் நடப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு சர்வர் சுத்தமாக இருக்கிறது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வாய்ஸில் நடப்பது எங்கும் பதிவாவதில்லை. ஒரு பெண் மைக்கை ஆன் செய்து “லெஃப்ட்ல ஒரு ஆள்” என்று சொன்னதும், ஆட்டத்தை விட்டுவிட்டு “எந்த ஊரு? இன்ஸ்டா ஐடி என்ன?” என்று நாலு பேர் ஆரம்பிப்பார்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் பேச்சு வேறு மாதிரி திரும்பும். எங்கள் சர்வரில் நன்றாக ஸ்னைப்பர் (தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்) ஆடும் ஒரு பெண் இதை எனக்கு டிஎம்மில் சொன்னார். நான் கொடுத்த பதில், “அவனை பிளாக் பண்ணிடுங்க.” அன்றைக்கு அது தீர்வு மாதிரிதான் தெரிந்தது. உண்மையில் அவரைத்தான் ஒதுங்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் மறுநாளும் அதே சேனலில் இருந்தான். அவர் இல்லை.

இப்போது வாய்ஸ் சேனல்களில் மாட்கள் முறைவைத்துச் சும்மா வந்து உட்காருகிறோம். ஆடக்கூட வேண்டாம், பெயர் தெரிந்தாலே பாதிப் பேர் ஒழுங்காகப் பேசுவார்கள். புகார் வந்தால் சொன்னவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், அப்போது சேனலில் இருந்த வேறு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்கிறோம். சத்தம் போடுபவர்களைப் பார்த்தே எங்கள் நேரமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அதனால் மாதம் ஒருமுறை, தொடர்ந்து வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றவர்கள் யார் என்று பார்த்து நானே டிஎம் போடுகிறேன். பாதிப் பேர் பரீட்சை என்பார்கள், சிலர் புது வேலை என்பார்கள்.

அந்த ஸ்னைப்பருக்கும் போட்டேன். பதினைந்து நாள் கழித்து பதில் வந்தது: “வரேன். ஆனா மைக் போட மாட்டேன், ஓகேவா?” ஓகே என்றேன். போன வாரமும் ஆடினார், எதிரி எங்கே இருக்கிறான் என்பதை மேப்பில் குறி வைத்தே காட்டுகிறார்.