டர்பனிலிருந்து விமானம் ஏறுபவருக்கு எந்த மைல்ஸ் திட்டம் பொருந்தும்?

முதல் படியாக, கடந்த சில ஆண்டுகளில் எங்கெங்கே சென்றீர்கள், எந்த விமானத்தில் சென்றீர்கள், எங்கே தங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மைல்கள் என்பவை, பறப்பதற்குக் கிடைத்து, பின்னர் டிக்கெட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய புள்ளிகள். சேர்ந்தவுடன் கிடைக்கும் இலவச மைல்களை நம்பாமல் இந்தத் தாளை வைத்து முடிவெடுப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, வழியைப் பாருங்கள். கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறித் துபாய் வழியாகச் சென்னைக்குப் போகிறவருக்கு எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸ் பொருந்தும். தோஹா வழியாகப் போகிறவருக்குக் கத்தார் ஏர்வேஸின் ப்ரிவிலேஜ் கிளப் ஏற்றது. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் செல்பவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் சேரலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், உள்நாட்டுப் பயணத்தின் மைல்களையும் பொதுவாக அதே கணக்கில் சேர்க்க முடியும்.

மூன்றாவதாகக் காலாவதி விதியைப் படியுங்கள். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்கைவர்ட்ஸ் மைல்களுக்கு ஆயுள் 3 ஆண்டுகள். அதன்பின் உங்கள் பிறந்த மாத முடிவில் அவை கழிந்துவிடும். கிரிஸ்ஃபிளையரிலும் 3 ஆண்டுகள்தான். கத்தாரின் ப்ரிவிலேஜ் கிளப்பில் சேரும் ஏவியோஸ் புள்ளிகளோ, 36 மாதங்களுக்குள் ஒருமுறையாவது கணக்கில் புள்ளி சேர்த்தாலோ செலவழித்தாலோ நிலைத்திருக்கும். ஆகவே, குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணப் புடவை எடுக்கவும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் இந்தியா செல்லும் குடும்பத்துக்கு, இடையில் கணக்கை அப்படி ஒருமுறை அசைத்துக்கொண்டால், ஏவியோஸே பாதுகாப்பானது. அடிக்கடி துபாய் வழியாகச் செல்பவர்களுக்கு ஸ்கைவர்ட்ஸ் லாபம். குடும்பத்தினரின் மைல்களை அதில் ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தவும் முடியும். மைல்களில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியைப் பணமாகச் செலுத்த வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஹோட்டல் திட்டம் எல்லோருக்கும் தேவைப்படாது. ஊரில் உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் இதை விட்டுவிடலாம். வேலை நிமித்தம் கேப் டவுனுக்கும் ஜோஹானஸ்பர்க்கிற்கும் போய் வருகிறவர்கள் மேரியட் பான்வாயைப் பார்க்கலாம். 2014இல் மேரியட் வாங்கிய புரோட்டியா ஹோட்டல்களிலும் அதன் புள்ளிகள் கிடைக்கும். ஆண்டுக்கு 10 இரவுகள் தங்கினால் சில்வர் என்ற உறுப்பினர் நிலை கிடைக்கும். 24 மாதங்கள் கணக்கு அசையாமல் கிடந்தால் புள்ளிகள் போய்விடும். அறையை ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். இடைத்தரகுத் தளங்களில் எடுத்த அறைக்குப் பெரும்பாலும் புள்ளி வராது.

இறுதியாக, கணக்குத் தொடங்கும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே கொடுங்கள். நாயுடு, பிள்ளை போன்ற குடும்பப் பெயர்கள் இங்கே பல விதமாக எழுதப்படுவதால், ஓரெழுத்து மாறினாலும் மைல்கள் சேராமல் போகக்கூடும். அவை கணக்கில் ஏறும் வரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருங்கள்.