கையில் இருக்கும் கல் தீப்பாறையா, படிவுப் பாறையா?

உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை; மணல், சேறு, சிப்பி போன்றவை அடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. இரண்டு கற்களைக் கொடுத்து வித்தியாசம் சொல்லச் சொன்னால் எல்லாரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். கறுப்பில் தீப்பாறையான பசால்ட்டும் உண்டு, படிவுப் பாறையான சுண்ணாம்புக்கல்லும் உண்டு; இளஞ்சிவப்பில் தீப்பாறையான கிரானைட்டும் கிடைக்கும், படிவுப் பாறையான மணற்கல்லும் கிடைக்கும். துகள்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள், முக்கால்வாசி விடை அங்கேயே இருக்கிறது.

அதற்குப் புதிதாக உடைந்த முகம் வேண்டும், ஏனென்றால் வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் எந்தக் கல்லையும் மங்கலாக்கிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். சில்லு கண்ணில் தெறித்தால் ஆபத்து, இதில் மட்டும் அலட்சியம் கூடாது. அப்புறம் 10 மடங்கு லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, கல்லை மெதுவாக அதன் பக்கம் கொண்டுவாருங்கள்.

கிரானைட் என்றால் சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டு மாதிரி குவார்ட்ஸ் தெரியும், பக்கத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ட்ஸ்பார், கல்லைத் திருப்பும்போது அதன் தட்டை முகம் சட்டென்று மின்னும், இடையிடையே கறுப்புக் காக்காய்ப்பொன். இவற்றுக்கு நடுவே சந்தே இருக்காது. உருகிய பாறைக்குழம்பு பூமிக்கடியில் மிக மெதுவாக ஆறும்போது படிகங்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று முட்டி வளர்ந்து பூட்டிக்கொண்டவை அவை. மணற்கல்லில் கதையே வேறு. ஓரம் தேய்ந்த மணிகள், ஒவ்வொன்றும் தனித்தனி, நடுவில் பசை போல வேறொரு பொருள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பல மணற்கற்களில் மணல் உதிரும். ஒரு சொட்டு நீர் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கிரானைட்டில் அது அப்படியே நிற்கும்.

அடுக்கடுக்காகக் கோடுகளோ, சிப்பி, இலை போன்ற புதைபடிவமோ இருந்தால் பெரும்பாலும் படிவுப் பாறைதான்.

துகளே தெரியாத வழவழப்பான கறுப்புக் கல் வந்தால்தான் சிக்கல். அப்போது கத்தி முனையால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் என்ற கனிமத்தின் கடினத்தன்மை மோஸ் அளவில் (கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் அளவு) 3, எஃகுக் கத்தி ஏறக்குறைய 5.5, அதனால் சுலபமாகக் கீறல் விழுந்து வெள்ளைத் தூள் வரும். அந்தத் தூள்மேல் வினிகர் விட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழியிட்டு நுரைக்கும். பசால்ட் அவ்வளவு சுலபத்தில் கீறலுக்கு இடம் கொடுக்காது, வினிகருக்கும் அசையாது. ஆனால் அதில் வாயு போன ஓட்டைகளுக்குள் பிற்காலத்தில் கால்சைட் வந்து நிரம்பியிருந்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் நுரைக்கும், அதை வைத்து முழுக் கல்லையும் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடாதீர்கள்.

கோடுகளை நம்பும்போதும் கவனம் வேண்டும். நைஸ் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடும், பார்த்தவுடன் படிவுப் பாறை என்றே தோன்றும். லென்ஸை வைத்தால் மணிகள் இல்லை, பூட்டிக்கொண்ட படிகங்கள். அது இரண்டிலும் சேராது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிய உருமாறிய பாறை, அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.