விலை குறைந்த சலூன் ஆஃப்டர்ஷேவ்: எரியாமல், மணக்க மணக்கப் போடுவது எப்படி

சவரம் முடிந்ததும் முகத்தில் போடும் விலை குறைந்த ஆஃப்டர்ஷேவை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "எரியுது, அரை மணி நேரத்தில் வாசமும் போயிடுது" என்று ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த எரிச்சலில் பெரும்பங்கு சவரத்திலிருந்து வருகிறது. வாசம் சீக்கிரம் அடங்குவதற்கோ காரணம் அதன் செய்முறை. பாட்டிலுக்குள் இருப்பதில் முக்கால்வாசிக்கு மேல் ஆல்கஹாலும் தண்ணீரும்தான். மிச்சம் கொஞ்சம் கிளிசரின், நிறம், சிலவற்றில் குளிர்ச்சி தரும் மென்தால். வாசனை எண்ணெய் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்குக்குள் முடிந்துவிடும். மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலையில் கொஞ்ச நேரம் மணந்துவிட்டு, பிறகு நீங்கள் போடும் சென்ட்டுக்கு வழிவிட்டு ஒதுங்குவது இதன் நல்ல குணம் என்றே சொல்ல வேண்டும்.

சலூன் வாசனை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று குடும்பங்கள் உண்டு. முதலாவது ஃபூஜேர்: லாவெண்டர், ஓக் மரத்தில் படரும் பாசி, காய்ந்த வைக்கோல் போல இனிப்பாக மணக்கும் கூமரின். 1868-ல் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் பெர்க்கின் கூமரினை ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1882-ல் பிரான்ஸின் ஊபிகான் நிறுவனத்தின் ஃபூஜேர் ராயால் என்ற சென்ட் அதைக் கொண்டே ஒரு புது வாசனை வகையைத் தொடங்கி வைத்தது. பவுடர் மணத்தோடு வரும் பினோ கிளப்மேன் ஆஃப்டர்ஷேவ் இந்த வழியில் வந்ததுதான். இரண்டாவது மசாலா வாசனை: 1938-ல் ஆண்களுக்காக வந்த ஓல்ட் ஸ்பைஸும், கரீபியன் தீவுகளின் பே மரத்து இலையை ரம்மோடு சேர்த்து வடித்ததில் தொடங்கிய பே ரம்மும். பே ரம் கிராம்பு போல மணப்பதற்குக் காரணம், கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற அதே வாசனைப் பொருள் அந்த இலையிலும் இருப்பது. மூன்றாவது குளிர்ச்சி வகை: மென்தாலும் யூகலிப்டஸும் சேர்ந்த பச்சை நிற புரோராசோ, நீல நிற அக்வா வெல்வா போன்ற பிராண்டுகள். முதல் பாட்டில் வாங்குகிறவர்கள் மூன்றாவது குடும்பத்தில் தொடங்குவது நல்லது. எரிச்சலைக் குளிர்ச்சி மறைத்துவிடும்.

வேலை சவரம் முடிந்த நொடியிலேயே ஆரம்பிக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு நுரை முழுக்கப் போகும்வரை கழுவுங்கள். காது மடலுக்குக் கீழேயும் மூக்கோரத்திலும் நுரை ஒளிந்திருக்கும். அதன் மேலேயே ஆஃப்டர்ஷேவ் போட்டால் முகம் பிசுபிசுத்து, காய்ந்ததும் அரிக்கும். அடுத்து இரண்டு மூன்று கை குளிர்ந்த தண்ணீர். படிகாரம் பயன்படுத்துபவர்கள் இங்கேதான் அதை நனைத்து ஒரே ஒரு தடவை தடவ வேண்டும். அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் தோல் இழுத்துப் பிடிக்கும், மேலே போடும் எதுவும் அதை இளக்காது. துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். முகம் லேசாக ஈரமாகவே இருக்கட்டும். அந்த ஈரம் ஆல்கஹாலின் காட்டத்தைக் குறைக்கும்.

இப்போது அரை டீஸ்பூன், அதாவது 2 முதல் 3 மில்லி போதும். வாயில் சிறு துளை வைத்த பாட்டிலாக இருந்தால் எட்டுப் பத்து உதறல். உள்ளங்கை குழிய ஊற்றினால் பாதி முழங்கை வழியே ஓடிவிடும். இரு கைகளையும் ஒரு தடவை மட்டும் சேர்த்துத் தேய்த்து, தாமதிக்காமல் முகத்துக்குக் கொண்டு போங்கள். கையிலேயே ஆல்கஹால் ஆவியாகத் தொடங்கிவிடும். முதலில் தாடையும் கன்னமும், பிறகு கழுத்து. மேலுதட்டுக்குக் கையில் மிஞ்சிய ஈரமே போதும். அறைய வேண்டாம், உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுங்கள். பத்துப் பதினைந்து விநாடி சுரீரென்று இருக்கும், பிறகு தாடையோரத்திலிருந்து குளிர்ச்சி பரவும். ஒரு நிமிடம் கழித்து முதல் அளவில் பாதியை எடுத்து இன்னொரு தடவை போடுங்கள். இந்த இரண்டாம் கையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இம்முறை எரிச்சல் அநேகமாக இருக்காது, வாசம் நன்றாக நிற்கும். தோல் வறண்டதாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் கழித்து பாம் (கிரீம் போலக் குழைவாக இருக்கும் ஆஃப்டர்ஷேவ்) அல்லது மாய்ஸ்சரைசர் போடலாம். வரிசையை மாற்றிவிடாதீர்கள். பாமுக்கு மேல் ஆஃப்டர்ஷேவ் போட்டால் அது அழுக்கு போலத் திரண்டு வரும்.

எரிச்சல் ஏன்? தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் சாதாரணமாக 42, 43 டிகிரி செல்சியஸில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது உங்கள் உடம்புச் சூடே சுடுவது போலத் தெரியும். ரேசர் தோலின் மேல்படலத்தைச் சுரண்டிய இடத்தில் ஆல்கஹால் இன்னும் உள்ளே இறங்கும். ஆகவே எரியும் இடத்தைக் கவனியுங்கள். முகம் முழுக்க லேசாகச் சுரீரென்று அடங்கினால் சவரம் நன்றாக இருந்திருக்கிறது. தாடைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் எரிந்தால், அங்கே கை அழுத்தியிருக்கிறது, அல்லது முடி வளரும் திசைக்கு எதிராக இழுத்திருக்கிறீர்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் எதிர்ச்சவரத்தை விட்டுப் பாருங்கள். அப்படியும் எரிந்தால் பிளேடை மாற்றுங்கள். ஆஃப்டர்ஷேவை மாற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

பாட்டிலைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளவும் முடியும். முகம் காய்கிறது என்றால் 100 மில்லிக்கு 2 மில்லி கிளிசரின் சேருங்கள். 5 மில்லியைத் தாண்டினால் முகத்தில் தூசி ஒட்டும். குளிர்ச்சி வேண்டுமென்றால் 100 மில்லிக்கு அரை கிராம் மென்தால் படிகம் போட்டு, கரையும்வரை குலுக்குங்கள். ஒரு கிராமுக்கு மேல் போனால் கண்ணில் நீர் கொட்டும். கண்மதிப்பில் போடாமல் சிறிய தராசில் நிறுத்தே போடுங்கள். ஆல்கஹால் இல்லாத ஆஃப்டர்ஷேவில் இதைச் செய்யாதீர்கள். மென்தால் தண்ணீரில் சரியாகக் கரையாது, மேலே மிதந்து ஒரே இடத்தில் காட்டமாகப் படும். காட்டம் கூட்டுவதற்காகத் தொழிற்சாலை ஸ்பிரிட் எதையும் கலக்கவே கூடாது. அதில் மெத்தனால் இருக்கலாம், அது நஞ்சு.

ஓக் பாசியும் சிட்ரஸ் எண்ணெய்களும் சிலருக்கு ஒவ்வாது. புது பாட்டிலை முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் அது உங்களுக்கு வேண்டாம். எக்ஸிமா இருப்பவர்களும், ரெட்டினாய்டு கிரீம் (பரு போன்றவற்றுக்குப் போடும் வைட்டமின் ஏ வகை கிரீம்) போடுகிறவர்களும் ஆல்கஹால் வகையைத் தவிர்த்து பாமோடு நிறுத்திக்கொள்ளலாம். வெட்டுக் காயத்துக்கு ஆஃப்டர்ஷேவ் மருந்தாகாது. ரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். முகம் காய்வதற்கு முன் அடுப்பு, தீக்குச்சி பக்கம் போக வேண்டாம். வெள்ளைச் சட்டைக் காலரையும் காய்ந்த பிறகே போடுங்கள். நீலமும் பச்சையும் கறையாகப் பிடிக்கும்.

பாட்டிலை ஜன்னலோரத்திலும் வெந்நீர் ஆவி படும் இடத்திலும் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் முதலில் கெடுப்பது போட்டதும் முதலில் மூக்கில் படும் லாவெண்டர், எலுமிச்சை போன்ற மேல்வாசனையைத்தான். திறந்ததும் புளிப்பாகவோ பழைய எண்ணெய் போலவோ மணந்தால், அல்லது நிறம் மங்கியிருந்தால், அதை முகத்துக்குப் போடாதீர்கள். மூடி தளர்ந்த பிளாஸ்டிக் பாட்டில் என்றால், வாங்கியதும் இறுக மூடும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, அடியில் மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.